மழை பெய்தும் அரிசி ஏன் குறைகிறது?

"இம்முறை நல்ல மழை, அரிசி விலை இறங்கும்" என்று கடைத்தெருவில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். அம்பாறை மாவட்டத்தில் வயலை நம்பி வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற வகையில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எவ்வளவு மழை என்பதை விட எப்போது மழை என்பதே நெல்லுக்கு முக்கியம்.

எமது நாட்டில் வருடத்துக்கு இரண்டு போகங்கள். பெரும்போகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. அதே மழைதான் குளங்களை நிரப்பி, எமது பகுதியில் சிறுபோகத்துக்கும் நீர் தருகிறது. ஆகவே ஒரு மாரி பொய்த்தால் இரண்டு போகங்களும் அடிபடும். 2016 இறுதியில் இதுதான் நடந்தது. 2016இல் சுமார் 44 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் உற்பத்தி, 2017இல் சுமார் 24 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. பெருமளவு அரிசியை இறக்குமதி செய்ய வேண்டியேற்பட்டது.

2024 நவம்பர் இறுதியில் நிலைமை நேரெதிர். அடைமழையும் வெள்ளமும் அம்பாறை வயல்களை மூழ்கடித்தன. இளம்பயிர் நாட்கணக்கில் நீருக்கடியில் கிடந்தால் அழுகிவிடும். திரும்ப விதைப்பதென்றால் விதைநெல், உழவு, கூலி எல்லாவற்றுக்கும் மீண்டும் கடன். அதே மழை அறுவடை நேரத்தில் வந்தால் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். எஞ்சியதையும் ஈரநெல் என்று சொல்லி வியாபாரி விலையைக் குறைப்பார்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதிப்பு வெப்பம். நெல் பூக்கும் வேளையில் வெப்பநிலை 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தச் சேர்க்கை கெட்டு, கதிரில் பதர் கூடும். இரவு வெப்பமும் விளைச்சலைக் குறைக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2004இல் வெளியானது. வறண்ட போகத்தில் இரவு வெப்பநிலை 1 பாகை உயர்ந்தபோது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக அது காட்டியது. பயிர் பச்சையாகவே நிற்கும். அறுவடையில்தான் மூடைகள் குறைந்திருப்பது தெரியவரும்.

இதற்கு என்ன செய்யலாம்? போக ஆரம்பக் கூட்டத்தில் குறிக்கப்படும் விதைப்புத் திகதியை வெறும் சம்பிரதாயமாகக் கருதக் கூடாது. ஒரே கண்டத்தில் சிலர் முந்தியும் சிலர் பிந்தியும் விதைத்தால், கடைசி வயல் விளையும் வரை குளத்து நீரைத் திறந்துவிட வேண்டும். மழை பிந்தும் வருடத்தில் சுமார் 80 நாட்களில் விளையும் பீஜி 250 போன்ற குறுகிய கால நெல்லினங்கள் கைகொடுக்கும். நீண்ட கால இனங்களை விட அவற்றின் விளைச்சல் குறைவுதான். ஆனால் கதிர் முற்றுமுன் குளம் வற்றினால் நீண்ட கால இனத்திலும் பயனில்லை.

வடிச்சல் வாய்க்கால்களை மறித்தும் தாழ்நிலங்களை நிரப்பியும் நாமே கட்டடங்கள் எழுப்பியிருக்கிறோம். அந்த வெள்ளத்துக்குக் காலநிலையை மட்டும் குறைசொல்ல முடியாது. வாய்க்கால்களைத் துப்புரவாக்குவது விவசாய அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாரிக்கு முன்னரே சேர்ந்து செய்யக்கூடிய வேலை.

விதைத்தவர் நட்டத்தைச் சுமக்கிறார், வாங்குபவர் விலையைச் சுமக்கிறார். ஆகவே அடுத்த போக ஆரம்பக் கூட்டத்தில் எடுக்கப்படும் தீர்மானங்கள் வயல் இல்லாதவர்களின் சோற்றையும் பாதிக்கும். அவற்றை நாம் எல்லோரும் கவனித்துக் கேள்வி கேட்க வேண்டும்.