கர்ப்பத்தின் கடை மூன்று மாதங்கள்

சுகம் என்பது நோயின்மை மாத்திரமன்று. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நன்னிலையில் இருத்தலே சுகமென, 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார தாபனத்தின் யாப்பு வரையறுக்கின்றது. கர்ப்பவதியின் கடை மூன்று மாதங்களில் இவ்வரையறையின் உண்மை நன்கு புலப்படும்.

28ஆம் வாரத்தின் பின் வளர்ந்த கருப்பை இரைப்பையை மேல்நோக்கி நெருக்குதலால் நெஞ்செரிவும் மூச்சுமுட்டும் உண்டாகின்றன. உடற்பாரம் முன்சாய்தலால் இடுப்பு நோகின்றது. சலப்பை நெருக்குண்டு இரவிற் பலமுறை எழநேர்தலால் உறக்கம் குலைகின்றது. இவை பெரும்பாலும் நோயல்ல. ஆயினும் நாள்தோறும் அவளை வருத்துவன. சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணலும், ஒருக்களித்துப் படுத்தலும், அளவாக நடத்தலும் இவற்றைத் தணிக்கும். மல்லாந்து படுப்பின் கருப்பையின் பாரம் பெருநாளத்தை அழுத்தி, இருதயத்துக்கு மீளும் குருதியைக் குறைத்தல் கூடும்.

சோர்வுக்கு மற்றொரு காரணம் இரத்தச்சோகை. இம்மாதங்களில் 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையின் அது சோகையெனப்படும். வைத்தியர் தரும் இரும்புச்சத்துக் குளிசையுடன் கீரையும் பயறும் உதவும். தேசிக்காய்ப் புளி இரும்புச்சத்து உடலிற் சேரத் துணைசெய்யும். உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும்.

நம் நாட்டில் 1926ஆம் ஆண்டு களுத்துறையில் முதற் சுகாதாரப் பகுதி தொடங்கிற்று. மருத்துவமாதர் வீடுதோறும் சென்று கர்ப்பவதிகளைக் கவனிக்கும் முறை பின்னர் நாடெங்கும் பரந்தது. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935இல், இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்குக் கீழ் இறங்கியுள்ளது.

மரணத்தைக் குறைக்க அரசும் வைத்தியமும் பெரிதும் உதவின. அன்றாட நலமோ வீட்டாரின் கையிலேயே பெரிதும் உள்ளது. பிரசவ அச்சம், பணக் கவலை, கணவன் தொலைவில் இருத்தல், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்னும் ஓயாப் பேச்சு ஆகியன அவள் உள்ளத்தை அரிப்பன. கிணற்றில் நீரள்ளுதலும் பாரந்தூக்குதலும் ஆடவர் ஏற்கவேண்டிய பணிகள். சிகிச்சை நிலையத்துக்கு உடன்செல்லுதலும் அவர் கடமையே.

கடுந் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், குருதிப்போக்கு, சிசுவின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். இராகுகாலம் கழியட்டுமெனக் காத்திருத்தல் தகாது. பஞ்சாங்கம் பார்த்தற்குப் பிள்ளை பிறந்தபின் நாள்கள் பலவுள.