அ முதல் ஃ வரை பாடும் பிள்ளை, ‘அப்பம்’ என்று வாசிக்கிறதா?
வாரத்தில் 5 நாள், நாளுக்கு 15 நிமிடம்: எழுத்தோசை பழக்க எளிய திட்டம்

முதலாம் ஆண்டில் காலடி எடுத்து வைக்கும் பிள்ளைகளில் பலர், அ முதல் ஃ வரை தடங்கல் இல்லாமல் சொல்லிவிடுவார்கள். பாலர் பள்ளியில் ராகம் போட்டுப் பாடிப் பழகியது அது. ஆனால், கரும்பலகையில் ‘பாடம்’ என்று எழுதி, “இது என்ன?” என்று கேட்டால் அவர்களில் சிலர் விழிப்பார்கள். ‘மி’ எது என்று கேட்டாலோ ம, மா என்று முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அதைத் தொடுவார்கள். அவர்களுக்கு வரிசை மனப்பாடம். எழுத்து இன்னும் பழக்கமாகவில்லை.

இதைச் சிறிய குறையாக எண்ணி விட்டுவிட முடியாது. தமிழ்ப்பள்ளியில் தமிழ்மொழிப் பாடம் மட்டும் தமிழில் இல்லை. நன்னெறிக் கல்வியும் நலக்கல்வியும் தமிழில்தான். பல பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் தமிழில்தான். இரண்டு மாம்பழத்தோடு மூன்று மாம்பழத்தைக் கூட்டத் தெரிந்த பிள்ளை, கேள்வியை வாசிக்க முடியாததால் விடைத்தாளை வெறுமையாகக் கொடுக்கிறது. ‘கணக்கில் மந்தம்’ என்ற பெயரும் வந்துவிடுகிறது. வாசிப்பில் விழுந்த சிறு இடைவெளி, ஓரிரு ஆண்டுகளில் எல்லாப் பாடத்துக்கும் பரவிவிடும்.

ஆங்கிலம் கற்பிக்க ‘ஃபோனிக்ஸ்’ எனப்படும் எழுத்தோசை முறை இன்று எல்லாப் பாலர் பள்ளியிலும் பேசப்படுகிறது. தமிழுக்கு அது தேவையா என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் ஒன்று, ஓசை வேறு. தமிழில் ‘ப’ என்ற எழுத்தின் பெயரே அதன் ஓசை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், 1 ஆய்தம் என மொத்தம் 247 எழுத்துகள் இருந்தாலும், 30 ஓசைகளும் சில துணைக்குறிகளும் கைவந்தால் மற்றவை தாமே சேர்ந்துகொள்ளும். மலாய்மொழி வகுப்பில் ‘பா, பி, பூ’ என்று அசை அசையாகச் சேர்த்து வாசிக்கும் பழக்கம், நம் உயிர்மெய்க்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆகவே, நம் பிள்ளைக்கு வழி எளிதுதான். ஆனாலும் அதில் சில மேடு பள்ளங்கள் உண்டு.

பிள்ளை தடுக்கும் நான்கு இடங்கள்

முதலாவது, மெய்யெழுத்தின் பெயர். ‘ம்’ என்பதை ‘இம்’ என்றே சொல்லிக் கொடுக்கிறோம். பிள்ளை அதை அப்படியே சேர்த்து ‘ப-ட-இம்’ என்கிறது, ‘படம்’ வரவில்லை. சொல்லைச் சேர்த்து வாசிக்கும்போது மட்டும் ‘இ’யை விட்டுவிட்டு, உதடு மூடி ‘ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கொம்பு. ‘மே’ என்ற எழுத்தில் இரட்டைக்கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. ஆனால், வாயில் முதலில் வருவது ‘ம்’. ‘மோ’ என்றால் முன்னும் பின்னும் குறி நிற்கிறது. மலாயும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக ஓசையை வரிசையாகத் தருவதால், அவற்றோடு சேர்த்துத் தமிழ் படிக்கும் பிள்ளை இங்கே குழம்புவது இயல்பு. கொம்பெழுத்துகளைத் தொடக்கத்தில் நுழைக்காமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, ஒரே எழுத்தின் பல ஓசை. ‘பல்’லில் வரும் ப வேறு, ‘தம்பி’யில் வரும் பி வேறு. ‘அக்கா’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இரட்டித்தால் வன்மை, மெல்லின எழுத்தை அடுத்து வந்தால் மென்மை என்ற விதி நமக்குத் தெரியும். ஆறேழு வயதில் விதி வேண்டாம். சொல்லை முழுதாகச் சரியாகச் சொல்லிக் காட்டினால் காது பிடித்துக்கொள்ளும்.

நான்காவது, ல, ள, ழ. ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பது ‘பல்லிக்குப் போகிறேன்’ ஆவதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ‘புலி’யும் ‘புளி’யும், ‘மலை’யும் ‘மழை’யும் அப்படித்தான். நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் ல. மேலே வளைந்து அண்ணத்தில் ஒட்டினால் ள. வளைந்தும் ஒட்டாமல் நின்றால் ழ. இது காதுக்கும் நாக்கும் சேர்ந்த பயிற்சி. ஆனால் ர–ற, ந–ன ஆகியவற்றை இப்படிச் சோதிக்காதீர்கள். பேச்சில் பெரியவர்களே அவற்றைப் பெரும்பாலும் பிரித்து ஒலிப்பதில்லை. அவற்றைச் சொல்லோடு சேர்த்து, கண்ணால் பார்த்துப் பழகுவதே வழி.

ஒரு வாரம் இப்படி

ஒரு வாரத்துக்கு மூன்று நான்கு எழுத்துகள் போதும். முதல் வாரத்துக்கு அ, ப, ட, ம ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். ‘ப’வும் ‘ட’வும் நேர்க்கோடுகளால் ஆனவை, பிஞ்சு விரலுக்கு எளியவை. அவற்றின் மெய்களான ப், ட், ம் மூன்றையும் சேர்த்தால் உடனே சொற்களும் பிறக்கும்.

திங்கள், காது நாள்: புத்தகம், பென்சில் எதுவும் வேண்டாம். ‘பல், பந்து, மரம், படகு’ என்று சொல்லி, எந்தச் சொல்லின் முதல் ஓசை வேறு என்று கேளுங்கள். அடுத்து கைத்தட்டல். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு: பல்–பால், கல்–கால், படம்–பாடம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் சொல்வதையும், கண் இமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமும்தான் மாத்திரை என்பதையும் பிள்ளை இங்கே கையாலேயே கற்றுவிடுகிறது.

செவ்வாய், வாய் நாள்: ஒரு சிறு கண்ணாடியைக் கொடுங்கள். ‘ப’, ‘ம’ சொல்லும்போது உதடுகள் ஒட்டுவதையும், ‘ட’ சொல்லும்போது நாக்கு நுனி மேலே போவதையும் பிள்ளை தானே பார்க்கட்டும். எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்பதற்குத் தொல்காப்பியத்தில் ‘பிறப்பியல்’ என்று ஓர் இயலே இருக்கிறது. அதைத்தான் நாம் கண்ணாடியில் காட்டுகிறோம். பிறகு அந்த எழுத்தைத் தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ விரலால் எழுதட்டும். எழுதும்போது ஓசையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புதன், சேர்க்கும் நாள்: பழைய நாள்காட்டித் தாளை வெட்டி எழுத்தட்டை செய்யுங்கள். ப, ட, ம் மூன்றையும் வரிசையாக வைத்து, விரலை அடியில் இழுத்துக்கொண்டே நிறுத்தாமல் ஒலிக்கச் செய்யுங்கள். முதல் அட்டையை மாற்றினால் ‘மடம்’. நடுவில் ஒரு ‘ட்’ நுழைந்தால் ‘மட்டம்’. மீண்டும் முதல் அட்டையை மாற்றினால் ‘பட்டம்’. ஒரு புள்ளி வைத்த எழுத்து நுழைந்ததும் ‘படம்’ வானில் பறக்கும் ‘பட்டம்’ ஆகிவிடுவது பிள்ளைக்கு மந்திர வித்தை போல இருக்கும். டகரத்தின் மென்மையும் வன்மையும் அங்கேயே காதில் விழும்.

வியாழன், வாசிக்கும் நாள்: படித்த எழுத்துகளை மட்டும் கொண்ட வரிகளைக் கொடுங்கள். “அட, பட்டம்!” “அட, அப்பம்!” இவ்வளவுதான் முதல் வாரக் கதை. பக்கத்தில் படம் போடாதீர்கள். படம் இருந்தால் பிள்ளை எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை வாசிக்கும். வாசித்து முடித்த பிறகு அதற்கான படத்தைப் பிள்ளையே வரையட்டும்.

வெள்ளி, விளையாட்டு நாள்: தரையில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்து எழுத்துகளை எழுதி, சொல்லும் சொல்லின் எழுத்துகளில் வரிசையாகக் குதிக்கச் சொல்லலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஐந்து சொற்களை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக வாசிக்க வேண்டும். மொத்த வகுப்பும் சேர்ந்து வாசித்தால், தெரியாத பிள்ளை அந்தக் குரலுக்குள் ஒளிந்துகொள்ளும். நான்கு சொற்களுக்குக் குறைவாக வாசித்த பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். அந்த வாரத்தைச் சிறு குழுவாக இன்னொரு முறை நடத்துங்கள்.

நான்கு வாரத்தில் குடும்பமே வாசிப்பில்

இரண்டாம் வாரத்தில் ‘ஆ’வும் துணைக்காலும் வரட்டும். அம்மா, அப்பா, மாமா, பாடம், ஆட்டம் எல்லாம் வாசிக்க வந்துவிடும். மூன்றாம் வாரத்தில் ‘இ’யும் அதன் விசிறியும்: பாட்டி, மாமி, படி, மாடி. நான்காம் வாரத்தில் க, த: தாத்தா, அக்கா, தம்பி. ஒரே மாதத்தில் வீட்டில் உள்ளவர்களில் பெரும்பாலோரைப் பிள்ளை வாசித்துவிடும். அண்ணனும் தங்கையும் மட்டும் ‘ண’வும் ஐகாரமும் வரும்வரை சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்!

உகர, ஊகார எழுத்துகளை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். ‘கு’, ‘பு’, ‘து’ மூன்றும் மூன்று வடிவம். ஒத்த வடிவங்களைக் கூட்டாக, மெல்ல அறிமுகப்படுத்துங்கள். கொம்பெழுத்துகளை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு

தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பெற்றோர் நம்மிடையே உண்டு. “எனக்கே தெரியாது, நான் எப்படிச் சொல்லித் தருவது?” என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன திங்கட்கிழமைப் பயிற்சிக்கு ஓர் எழுத்துகூடத் தெரிய வேண்டியதில்லை. காரில் போகும்போது “ம என்று தொடங்கும் ஐந்து சொல் சொல்லு” என்று கேட்கலாம். பிள்ளை அட்டையை வைத்துச் சேர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தாமும் கற்றுக்கொள்ளலாம். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் டீச்சர் வேலையை எந்தப் பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லாது.

சனி, ஞாயிறில் பாடம் வேண்டாம், வேட்டை போதும். கோயில் அறிவிப்புப் பலகை, மளிகைக்கடைப் பெயர்ப்பலகை, திருமண அழைப்பிதழ் என எங்கும் அந்த வார எழுத்து ஒளிந்திருக்கும். இதோ, உங்கள் கையில் இருக்கும் இந்த இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் ஒரு சிவப்புப் பென்சிலோடு பிள்ளையிடம் கொடுத்து, தலைப்புகளில் உள்ள ‘ம’வை எல்லாம் வட்டமிடச் சொல்லுங்கள். நாளை திங்கட்கிழமை. கைத்தட்டலோடு தொடங்கலாம்.