லயத்துக் கொல்லை எங்கே போச்சு?



சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு லயத்துக் கொல்லை மறந்திருக்காது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, பால் தூக்கிக் களைத்து வந்தவர்கள், சாயங்காலம் மண்வெட்டியோடு கொல்லையில் நிற்பார்கள். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வெண்டை, வேலியிலே பசலை. குழம்புக்குக் காய் வேணும்னா கடைக்கு ஓட வேண்டியதில்லை.

அந்த நிலம் துரை மனமிரங்கிப் போட்ட பிச்சையல்ல. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பே சொன்னது. ஜப்பான்காரன் காலத்தில் (1942-45) அரிசி கிடைக்காதபோது, மரவள்ளிக் கிழங்குதான் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் தாமான் எழும்பியது. பலர் ஈப்போ அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொல்லை போச்சு, குனிந்து நிமிர்ந்த வேலையும் போச்சு. தட்டில் சோறு மட்டும் குறையவில்லை!

விளைவு? 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் பெரியவர்கள் நூற்றில் 18 பேருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடமே அது அதிகம். நூற்றில் 95 பேர் போதிய காய்கறி, பழம் உண்பதில்லை என்றும் அதே ஆய்வு கூறியது. நாளைக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

“பிளாட்டுல எங்கேங்க செடி வைக்கிறது?” என்று கேட்பீர்கள். பழைய வாளி மூன்று போதும். அடியில் துளை போடுங்கள். மண்ணோடு மக்கிய சாணமும் தேங்காய் நாரும் கலந்து நிரப்புங்கள். ஈயச் சுரங்க மணல் தண்ணீரைத் தாங்காது. அந்த மண்ணென்றால் எருவைக் கூட்டுங்கள். முதலில் கங்கோங் விதையுங்கள். நாலு வாரத்தில் சட்டிக்கு வரும். அடுத்து வெண்டை, பசலை. நாலைந்து மணி நேரம் வெயில் படட்டும். மாடிச் சுவரின் விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள். கீழே போகிறவர் தலையில் விழும்.

இன்னும் மூன்று சங்கதி. வாளிக்கடியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கொட்டுங்கள். இல்லாவிட்டால் டிங்கிக் கொசுவை நாமே வளர்த்ததாகும். இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு மண்ணில் இறங்காதீர்கள். காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம், புண் ஆறுவதும் கஷ்டம். கீரை சாப்பிடுகிறோமே என்று கிளினிக் மருந்தை நிறுத்தவும் கூடாது.

பெரியவர்களே, பேரப் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். நிலம் கைவிட்டுப் போனாலும் விதைக்கத் தெரிந்த கை நம்மிடம் இருக்கிறது. அன்று வயிற்றுக்காகப் போட்ட கொல்லையை இன்று உடம்புக்காகப் போடுவோம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாளியை எடுங்கள்!