ரங்கூனில் விழுந்த குண்டுகள்

சங்கரன்கோவில் தேரடியில் நின்று, ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனைப் பற்றிக் கேட்டால், பெரியவர்கள் கதையாகவே சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையை அது சுட்டதில் இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கு உயர் நீதிமன்ற மதிலில் கல்வெட்டு உண்டு. 1941 டிசம்பர் 23 என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

அன்று ஜப்பானிய விமானங்கள் பர்மாவின் ரங்கூன்மீது குண்டு வீசின. அந்த நகரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள், தமிழர்கள். விமானம் என்றதும் ஓடி ஒளியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். விழுந்தவையோ தரையைத் தொட்டதும் வெடித்து, சில்லுகளைப் பக்கவாட்டில் சிதறடிக்கும் குண்டுகள். பள்ளத்தில் படுத்தவர்கள் பிழைத்தார்கள். நின்றவர்கள் மாண்டார்கள். ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். விமானம் வந்தால் படுக்க வேண்டும் என்பதை அந்தக் கூலிக்காரர்களுக்குப் புரியும்படி சொல்லியிருந்தாலே எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள். இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும் குண்டுவீச்சு.

தொழிலாளர்கள் புரோம் சாலையில் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். துறைமுகத்துக்கு ஆள் வேண்டுமே என்று பிரிட்டிஷ் அரசு அவர்களை வழிமறித்துத் திருப்பியது. கப்பலில் மலிவான மேல்தளப் பயணம் செய்ய, உடல்வலுவுள்ள இந்திய ஆண்களுக்குத் தடையும் போட்டது. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னுமாக, அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் லட்சக்கணக்கானோர் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள்.

"பர்மாவிலிருந்து நடந்தே வந்தாங்க" என்ற பேச்சு இன்றும் தென்மாவட்டக் குடும்பங்களில் இருக்கிறது. ஏன் நடந்தார்கள் என்பதுதான் உதிர்ந்துபோயிற்று. 'பராசக்தி' படத்தின் நீதிமன்ற வசனத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, அந்தக் கதையில் குடும்பம் சிதறியதற்கு ரங்கூன் குண்டுவீச்சும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பள்ளிப் பாடத்தில் ஹிரோஷிமா வருகிறது, வரத்தான் வேண்டும். நம் ஊர்க்காரர்கள் செத்த ரங்கூனும் அதனருகே இரண்டு வரியாவது வர வேண்டாமா?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஜப்பானியர் கையில் ரங்கூன் இருந்த மூன்று ஆண்டுகளில், அதே துறைமுகத்தையும் ரயில் நிலையத்தையும் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கின. நடக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள், முதலில் ஒரு தரப்பின் குண்டுக்குப் பயந்தார்கள். பிறகு மறுதரப்பின் குண்டுக்கும்.