ஊர் இரண்டுபட்ட காலம்

1959 பிப்ரவரி 3-ஆம் தேதி ஒரிசாவின் ரூர்கேலாவில் ஓர் ஊதுலையைத் தொடங்கி வைத்தார் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத். மறுநாள் பிலாயில் இன்னொன்று. ரூர்கேலா மேற்கு ஜெர்மனியின் கிருப், டெமாக் நிறுவனங்கள் எழுப்பியது. பிலாய் சோவியத் யூனியனின் உதவியில் உருவானது. பெர்லினை விட்டு மேற்கத்தியப் படைகள் ஆறு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் கெடு விதித்து அப்போது மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெர்லினில் முறைத்துக்கொண்டு நின்ற இரு தரப்பும் இந்தியாவில் ஒரு நாள் இடைவெளியில் உலை மூட்டின. பனிப்போரை நாம் பெரும்பாலும் ஏவுகணை, உளவாளி, பெர்லின் சுவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அன்று புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு அது ஒரே தெருவில் எதிரெதிரே திறந்த இரண்டு கடைகளாகவும் இருந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அந்தக் கொண்டாட்டம் உண்மையில் யாருக்கு வாய்த்தது, எதனால் வாய்த்தது என்று பார்த்தால், பழமொழி சொல்லாமல் விட்ட பாதி தெரியவரும்.

பிலாயின் கதையிலிருந்தே தொடங்கலாம். அரசே கனரகத் தொழில் நடத்துவதை அமெரிக்காவும் உலக வங்கியும் விரும்பவில்லை. அந்த நிலையில்தான் 1955 பிப்ரவரி 2 அன்று சோவியத் யூனியனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 10 லட்சம் டன் எஃகு தரும் ஆலை. கடனுக்கு வட்டி 2.5 சதவீதம், திருப்பிச் செலுத்த 12 ஆண்டுத் தவணை. எல்லாவற்றையும்விடப் பெரிய சலுகை, தவணையை ரூபாயிலேயே கட்டலாம் என்பது. அந்த ரூபாயைக் கொண்டு சோவியத் தரப்பு இந்தியச் சரக்குகளை வாங்கிக்கொள்ளும். டாலருக்கும் பவுண்டுக்கும் திண்டாடிய ஒரு நாட்டுக்கு இதன் அருமை தெரியும். எதிர்க்கடை இப்படி விலை சொன்ன பிறகு மேற்கு சும்மா இருக்க முடியவில்லை. பிரிட்டிஷ் நிறுவனங்கள் துர்காபூரில் அதே 10 லட்சம் டன் அளவில் மூன்றாவது ஆலையைக் கட்ட முன்வந்தன.

எஃகில் நடந்தது எண்ணெயிலும் நடந்தது. 1960-ல் சோவியத் யூனியன் குறைந்த விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, இந்தியாவில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருந்த பர்மா-ஷெல் முதலிய மேற்கத்திய நிறுவனங்கள் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. ஆனால் தங்கள் எண்ணெயின் விலையைக் குறைத்தன. பேச்சளவில் நின்ற ஒரு சரக்கே விலையை இறக்கிவிட்டது. கல்வியிலும் இதே போட்டிதான்: மும்பை ஐ.ஐ.டி.க்குச் சோவியத் உதவி, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள். நெய்வேலியிலோ இரு கடைச் சரக்கும் ஒரே வளாகத்தில் வந்து இறங்கியது. பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுத்த ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்தக் கரியை எரித்து மின்சாரம் எடுத்த முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது.

இதைப் படிக்கும் எவருக்கும் ஓர் ஆட்சேபம் எழும். கொரியாவிலும் வியட்நாமிலும் லட்சக்கணக்கானோர் செத்த போட்டியை லாபக் கணக்கில் எழுதலாமா? கூடாதுதான். 1954-ல் குவாதமாலாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியை அமெரிக்க உளவுத்துறை கவிழ்த்தது. 1956-ல் ஹங்கேரியின் எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கின. அந்நாட்டு மக்களுக்கு இரண்டாவது கடைக்குப் போகும் உரிமையே மறுக்கப்பட்டது. ஆப்கானிஸ்தானின் அனுபவம் இன்னும் கசப்பானது. இரு தரப்பிடமும் கைநீட்டி வாங்கிய நாடு அது. காபூல்–காந்தகார் சாலையை அமெரிக்கா போட்டுத் தந்தது. இந்துகுஷ் மலையைக் குடைந்து 1964-ல் சலாங் சுரங்கப்பாதையைத் திறந்து கொடுத்தது சோவியத் யூனியன். 1979 டிசம்பரில் சோவியத் படைகள் தெற்கே இறங்கியது அந்த சலாங் வழியாகத்தான். ஆக, போட்டி தன்னளவில் யாருக்கும் வரமாக அமையவில்லை. அளவில் பெரியதாகவும், வல்லரசுகளின் கொல்லைப்புறத்தில் இல்லாததாகவும், நிலையான அரசு உடையதாகவும் இருந்ததால் இந்தியாவுக்குப் பேரம் பேச இடம் கிடைத்தது.

அந்த இடமும் எப்போதும் இருக்கவில்லை என்பதற்கு இந்தியாவே சாட்சி. பொகாரோவில் நான்காவது ஆலைக்கு அமெரிக்க உதவி கேட்கப்பட்டது. அதிபர் கென்னடி ஆதரித்தார். ஆனால் அரசுத் துறை ஆலைக்கு அமெரிக்கப் பணமா என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வலுக்கவே, 1963-ல் நேரு கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். 1965-ல் சோவியத் யூனியனுடன் ஒப்பந்தமானது. இந்தியப் பொறியாளர் எம்.என். தஸ்தூரின் நிறுவனம் அதற்குள் ஆலைக்கான திட்டத்தைத் தயாரித்து வைத்திருந்தது. சோவியத் திட்டத்தின் செலவைக் குறைக்கும் வழிகளையும் அது சொன்னது. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கப்படவில்லை. எதிர்க்கடை மூடியதும் இந்தக் கடைக்காரரின் பேச்சும் மாறிவிட்டது.

கோதுமையில் நிலைமை இன்னும் மோசம். 1965, 66-ல் மழை பொய்த்தபோது இந்தியா நம்பியிருந்தது பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தின் அமெரிக்கத் தானியத்தை. சோவியத் யூனியனே 1963-ல் கனடாவிடம் கோதுமை வாங்கிய நாடு. அதனிடம் போய் நிற்க வழியில்லை. இதை அறிந்த அதிபர் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைத் தவிர்த்து, கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அனுப்பினார். வேளாண் கொள்கையை மாற்றச் சொன்னார். வியட்நாம் போர் பற்றி இந்தியா விமர்சித்ததும் அவருக்கு எரிச்சலூட்டியது. அணிசேராக் கொள்கை வெறும் பேச்சு, கடைசியில் கையேந்தத்தானே வேண்டியிருந்தது என்று சொல்பவர்கள் காட்டும் உதாரணம் இதுதான். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. பசித்தவன் பேரம் பேச முடியாது. ஆனால் அது கொள்கையின் தோல்வி என்பதைவிட, வயலில் இருந்த குறை என்பதே பொருந்தும். எஃகு ஆலை இரண்டு ஆண்டு தாமதமானால் நாடு தாங்கும். சோறு இரண்டு வாரம் தாமதமானால் தாங்காது.

இந்த இரண்டு பாடங்களையும் அருகிலிருந்து பார்த்தவர் ஒரு தமிழர். அமெரிக்கா பொகாரோவைக் கைவிட்டபோது எஃகுத் துறை அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், கோதுமைக் கப்பலுக்காக நாடு காத்திருந்தபோது உணவு அமைச்சராக இருந்தார். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதையை அவரது அமைச்சகம் வரவழைத்தது. அமெரிக்க நெருக்குதலுக்குப் பணிந்த முடிவு என்று அன்று இடதுசாரிகள் அதைச் சாடினார்கள். நெருக்குதல் இருந்தது உண்மை. ஆனால் வந்தது மூட்டையில் தின்னத் தானியம் இல்லை, விதை. விதைத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு எந்தக் கப்பலையும் எதிர்பார்க்க வேண்டாம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்தான், அவனுக்குக் கூத்துத் தெரிந்திருந்தால். தெரியாதவன் நடுத்தெருவில் நின்றால் இரு பக்கத்திலிருந்தும் வரும் கல் அவன் தலையில்தான் விழும்.