மாலை எங்கேய்யா?

"சார், இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று நேராகக் கேட்கிற பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கி வேலை தேடுகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் காலையில் டீக்கடைக்கு வந்து பேப்பரைப் பிரித்ததும் கண் முதலில் போவது கார்ட்டூனுக்கும் ஜோக்குக்கும்தான். நாலு பேர் சிரிப்பார்கள். ஐந்தாவது ஆள் புரியாமல் விழிப்பார். அவருக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். விளக்கினால் ஜோக் செத்துப்போகும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நல்ல ஜோக் விளக்கத்தையும் தாங்கும்.

ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு நானே எழுதியது. மேடைக்கு அருகே வந்து நின்ற தலைவர் உதவியாளரைக் கேட்கிறார்: "மாலை எங்கேய்யா?" அவன் சொல்கிறான்: "இப்பதானே தலைவரே காலையே ஆயிருக்கு!"

தலைவர் கேட்டது பூமாலை. உதவியாளன் எடுத்துக்கொண்டது பொழுது. இதுவரைக்கும் யாருக்கும் புரியும். இந்த இரண்டு பொருளும் எப்படி ஒரே நாற்காலியில் உட்கார்ந்தன என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். "மாலையை எங்கேய்யா வச்சே?" என்று தலைவர் கேட்டிருந்தால் ஜோக்கே கிடையாது. 'ஐ' உருபு ஏறியதும் பேச்சில் அது பூமாலையாக மட்டும் நின்றுவிடும். "மாலையில் எங்கே?" என்றால் பொழுது மட்டும். "மாலைக்கு என்ன ஏற்பாடு?" என்றால் மறுபடி இரண்டுக்கும் இடம் உண்டு. தமிழில் உருபு ஏறாமல் பெயர்ச்சொல் தனியாக நிற்கலாம். சிலேடைக்காரர்கள் பிழைப்பது அந்தச் சலுகையில்தான். எந்தச் சொல்லில் இடறுகிறீர்களோ அதற்கு ஒரு உருபைப் போட்டுப் பாருங்கள், முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சொல் அப்படியே நின்று இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் வகை சொல்கிறது. 'மாலை' முதல் வகை. 'பலகை' என்ற மரத்துண்டைப் 'பல கை' என்று பிரித்தால் இரண்டாம் வகை. காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடைத்தார். வார இதழ் ஜோக் எழுதுகிறவரும் அந்த வரிசையில் வருகிறவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு வகை காதில் மட்டும் பலிக்கும். 'புளி'யைப் 'புலி' என்று உச்சரிக்கிற ஆளை வைத்துச் சொல்கிற ஜோக்கை டீக்கடையில் யாராவது உரக்கப் படித்தால் சிரிப்பு வரும். அச்சில் எழுத்து வேறுபட்டு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பேப்பரில் ஒரு ஜோக் புரியவில்லை என்றால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

சொல்லே வேண்டாத ஜோக்கும் உண்டு. ஆனந்த விகடனில் கோபுலு போட்ட வசனமில்லாத சிரிப்புப் படங்களில் ஓரத்தில் நிற்கிற ஆளின் முகத்தைக் கவனிக்க வேண்டும். மதனின் ரெட்டைவால் ரெங்குடு கார்ட்டூன் புரிய, அந்தப் பையனின் குணம் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் கெட்டுப்போவது அன்றைய செய்தியை நம்பி நிற்கிற ஜோக். 1987இல் விகடன் அட்டையில் வந்தது அப்படி ஒன்று. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடித் திருடர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வரும். இதில் சிலேடை இல்லை. கேள்வி அடையாளம் கேட்கிறது, பதிலும் அடையாளம்தான் சொல்கிறது. சின்னப் பதவிக்குச் சின்னத் திருட்டு, பெரிய பதவிக்குப் பெரிய திருட்டு என்று தகுதி வரிசையைக் கொஞ்சமும் குலைக்காமல் சொல்கிற நிதானம்தான் சிரிப்பு. இதற்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் வெளியே விட்டார்கள். அவர் உயர் நீதிமன்றம் போய் வென்றார், இழப்பீடாக ஆயிரம் ரூபாயும் கிடைத்தது. இந்த விவரம் தெரியாமல் அந்த அட்டையைப் பார்க்கிற இருபது வயதுப் பையனுக்கு, இதற்கா ஜெயில் என்ற கேள்விதான் மிஞ்சும்.

இந்தச் சிக்கலை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே உணர்ந்தவர் ஒருவர் இதே பேட்டையில் இருந்தார். திருவல்லிக்கேணி மண்டயம் குடும்பத்தார் 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் வாசகனுக்கு அது அன்றைக்குப் புதுச் சரக்கு. படத்தில் இருக்கிற ஆள் யார், மிருகம் எதைக் குறிக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அதனால் படத்தைப் போட்டுவிட்டு, அதன் பொருளையும் பத்திரிகையிலேயே எழுதினார். அந்த விளக்கம் இருப்பதால்தான் காங்கிரஸில் மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மோதிய அந்தக் காலத்துப் படங்கள் இன்று நமக்கும் பிடிபடுகின்றன. வாசகன் மேல் அவருக்கு இருந்த மரியாதை அது.

பழைய ஜோக்குகளையும் கார்ட்டூன்களையும் தொகுத்துப் போடுகிற பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல தொகுப்புகளில் படம் இருக்கிறது, தேதி இல்லை. தேதி இருந்தால் சந்தர்ப்பம் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே வெளியான நாளையும், அன்றைக்கு நடந்தது என்ன என்பதையும் இரண்டே வரியில் போடுங்கள். அன்றைய பேப்பரைப் படித்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிவிடுங்கள்.