உரைத்தொகுப்பியின் உள்ளமை சார்புகள்

கணினியில் உரையை எழுதுதற்கும் திருத்துதற்கும் உதவுங் கருவி உரைத்தொகுப்பி எனப்படும். அத்தகைய கருவிகளுள் நெடுங்காலமாக வழங்கிவருவனவற்றுள் ஒன்று விம் என்பது. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்கிளி நகரில் பில் ஜோய் என்பார் ஆக்கிய வீஐ என்னுந் தொகுப்பியே இதற்கு முன்னோடியாகும். ஒல்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் அதனைத் தழுவி இயற்றிய விம் 1991இல் வெளியாயிற்று. 2023இல் தாம் மறையும்வரை அவர் அதனைப் பேணி வளர்த்தார். 1998இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு முதலாக இத்தொகுப்பி தனக்கெனச் சிறியதொரு நிரல்மொழியையும் உடையதாயிற்று. அம்மொழியின் பயன் பெரும்பாலும் அதன் உள்ளமை சார்புகளிலே தங்கியுள்ளது.

சார்பு என்பது யாது? ஒரு பெறுமானத்தை ஏற்று, அதற்கேற்ப மற்றொரு பெறுமானத்தைத் தருவதனைக் கணிதநூலார் சார்பு என்பர். நிரல்மொழியிலும் பொருள் ஏறக்குறைய அதுவே. ‘கெட்லைன்’ என்னுஞ் சார்புக்கு வரியெண்ணைக் கொடுப்பின், அவ்வரியிலுள்ள உரையைத் தரும். ‘செட்லைன்’ என்பது வரியெண்ணையும் புதிய உரையையும் ஏற்று அவ்வரியை மாற்றியமைக்கும். இவை தொகுப்பியுடன் கூடவே வருவன. ஆகலின் உள்ளமை சார்புகள் எனப்பட்டன. இவற்றின் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தொடங்கும். பயன்படுத்துவோர் தாமே ஆக்கிக்கொள்ளும் பொதுச் சார்புகளின் பெயர்களோ பேரெழுத்தில் தொடங்கல் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மயங்காமைப் பொருட்டே இவ்விதி வகுக்கப்பட்டது.

சார்பின் பெயரை அறிதல் எளிது. அது தரும் விடையின் பொருளை அறிதலே அரிது. ‘சேர்ச்’ என்னுஞ் சார்பு ஒரு சொல்லை உரையினுள் தேடி, அஃது உள்ள வரியின் எண்ணைத் தரும். காணாவிடின் 0 தரும். வரிகள் 1 முதல் எண்ணப்படுதலின் 0 என்பது ‘இல்லை’ என்பதற்குப் பொருந்தும். ‘மாட்ச்’ என்னுஞ் சார்போ ஒரு சரத்தினுள்ளே தேடி, சொல் தொடங்கும் இடத்தைக் கூறும். அங்கு எண்ணுகை 0 முதல் தொடங்கும். ஆகவே 0 என்பது ‘முதலிலேயே உளது’ என்றும், -1 என்பது ‘இல்லை’ என்றும் பொருள்படும். விம்மின் பழைய நிரல்வழக்கில் பூச்சியமல்லாத எண் யாவும் ‘உண்மை’ எனக் கொள்ளப்படும். எனவே ‘மாட்ச்’ தந்த விடையை அவ்வாறே நிபந்தனையாக வைப்பின், இல்லாத சொல்லை உண்டென்றும், முதலில் நிற்குஞ் சொல்லை இல்லையென்றும் நிரல் கொண்டுவிடும்.

தமிழுரையைக் கையாள்வோர்க்கு இன்றியமையாதது நீளங் காணுஞ் சார்பாகும். ‘பட்டம்’ என்னுஞ் சொல்லில் எழுத்து எத்தனை? ப, ட், ட, ம் என நான்கு என்பான் தமிழ் மாணவன். ஒருங்குறியிலோ மெய்யெழுத்து அகரமேறிய வடிவும் புள்ளியும் என இரு குறிகளாகப் பதியப்படும். ஆகவே குறிகள் ஆறு. யூ.ரீ.எவ்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற்றுகளைக் கொள்வதால், பைற்றுகள் பதினெட்டு. இம்முறை அமைந்த விம்மில் ‘ஸ்டர்லென்’ 18 எனவும், ‘ஸ்டர்சார்ஸ்’ 6 எனவும், ‘ஸ்டர்சார்லென்’ 4 எனவும் விடை தரும். மூன்றும் பிழையல்ல, வினாக்களே வேறு. ஆயின் பைற்றுக் கணக்கைக் கொண்டு சொல்லை வெட்டப் புகுவோர், குறியொன்றின் நடுவிலே வெட்டி அதனைச் சிதைத்துவிடுதல் கூடும்.

அடுத்தது வரிசைப்படுத்தல். ‘சோர்ட்’ என்னுஞ் சார்பு சொற்களைக் குறியெண் முறைப்படி நிரற்படுத்தும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டுள்ளது. தமிழ் நெடுங்கணக்கிலோ அது மெய்களுள் இறுதியில் நிற்பது. இதனால் மதம், மரம், மலர், மனம் என வரவேண்டிய சொற்கள் மதம், மனம், மரம், மலர் என வந்துவிடும். அகராதியோ சொல்லடைவோ தொகுப்போர்க்கு இது சிறு குறையன்று. இதற்கு மாற்றும் அச்சார்பிலேயே உண்டு. இரு சொற்களுள் முந்துவது எது எனக் கூறுஞ் சார்பொன்றை ஆக்கி, இரண்டாம் உறுப்பாகக் கொடுப்பின், ‘சோர்ட்’ அதன்படியே ஒழுகும். மேலும், அது கொடுத்த பட்டியலையே மாற்றிவிடும் இயல்பினது. மூலவரிசை வேண்டுவோர் ‘கொப்பி’ என்னுஞ் சார்பினாற் படியெடுத்துப் பின்னர் வரிசைப்படுத்துக.

இவற்றால் விளங்குவது ஒன்று. உள்ளமை சார்பு கேட்ட வினாவுக்கே விடை கூறும்; கேட்க எண்ணிய வினாவை அஃது அறியாது. எழுத்து யாது, வரிசை யாது என்பனவற்றைத் தெளிய உணர்ந்தவர்க்கே கருவி நற்பணியாளாகும். தமிழ் இலக்கணத்தை முறையாகக் கற்ற மாணவன் நிரல் எழுதப் புகுமிடத்து, அக்கல்வி அவனுக்கு வீண்சுமையாகாது. பிழையைத் தடுக்கும் அரணாகவே அமையும்.